தப்பான அடாப்டர் குத்திய ஹார்ட் டிஸ்க்: எந்த வழி முதலில், எந்த வழி கடைசியில்

போன ஐப்பசியில் ஒரு ராத்திரி. குமரி மாவட்டம் தக்கலையில் என் போட்டோ ஸ்டுடியோவில் கரண்ட் போவதும் வருவதுமாக இருந்தது. மேசைக்கடியில் நாலைந்து கறுப்பு அடாப்டர்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. மூன்றாவது முறை கரண்ட் வந்ததும் கைக்கு அகப்பட்ட வயரை இழுத்து 4 டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் குத்தினேன். கச்சிதமாகப் பொருந்தியது. 'டப்' என்று சின்னதாக ஒரு சத்தம், அப்புறம் கருகல் வாசம். குத்தியது லேப்டாப் அடாப்டர். அது தருவது 19.5 வோல்ட். டிஸ்க்குக்கு வேண்டியது 12.

பழி போட வேறு ஆள் இல்லை. கடைப் பையன்கூட அன்றைக்கு லீவு.

அன்றிலிருந்து இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் அனுபவம் சேர்ந்துவிட்டது. 'உங்களுக்கும் இப்படி ஆச்சாமே' என்று கேட்டுக்கொண்டு வேறு மூன்று பேர் அவரவர் டிஸ்க்கோடு வந்தார்கள். நாலும் தப்பான அடாப்டரில் மாட்டியவைதான். ஆனால் நாலுக்கும் நாலு விதமான முடிவு எடுக்க வேண்டியிருந்தது. டயோடைக் கழற்றுவதா, போர்டை மாற்றுவதா, டேட்டா மீட்டுத்தரும் சென்னை லேபுக்கு அனுப்புவதா, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதா என்று தலையைப் பிய்த்துக்கொள்கிறவர்களுக்காக எழுதுகிறேன். எல்லோரும் முதலில் கேட்பது 'எவ்வளவு ஆகும்' என்று. நானும் அதைத்தான் கேட்டேன். இப்போது வேறொன்றைத்தான் முதலில் கேட்பேன்: இந்த வழி பலிக்காவிட்டால், அடுத்த வழி எனக்குத் திறந்திருக்குமா?

முதலில், உண்மையிலேயே கெட்டுப்போயிருக்கிறதா?

மூன்று பேரில் ஒருவர் எங்கள் ஊர் ஆலயப் பாடகர் குழுவின் தலைவர். பத்து வருடப் பாடல் பதிவுகள் இருந்த டிஸ்க். 'டிக் டிக்' என்று சத்தம் வருகிறது, கம்ப்யூட்டரில் தெரியவில்லை, செத்துவிட்டது என்றார். அடாப்டரைக் காட்டச் சொன்னேன். வைஃபை ரூட்டருடையது, 9 வோல்ட். டிஸ்க்கில் விளக்கு எரிகிறது, ஆனால் மோட்டார் சுற்ற வலு போதவில்லை. எழுந்திருக்கப் பார்க்கிறது, விழுகிறது, மறுபடி எழுந்திருக்கப் பார்க்கிறது. சரியான 12 வோல்ட், 2 ஆம்பியர் அடாப்டரைக் கொடுத்ததும் பாட்டெல்லாம் வந்துவிட்டது. செலவு ஒரு டீ, அதையும் அவர்தான் வாங்கிக்கொடுத்தார்.

ஆகவே எந்த மாதிரித் தப்பு நடந்தது என்று முதலில் பிரித்துப் பாருங்கள். மேசைமேல் வைக்கிற பெரிய டிஸ்க், அதாவது மூன்றரை அங்குல வகை, 12 வோல்ட் கேட்கும். சுற்றத் தொடங்குகிற அந்தச் சில நொடிகளில் ஒன்றரை முதல் இரண்டு ஆம்பியர் வரை இழுக்கும். வோல்டேஜோ ஆம்பியரோ குறைந்த அடாப்டரைப் போட்டால் பெரும்பாலும் எதுவும் எரியாது, ஓடாது, அவ்வளவுதான். ஆம்பியர் கூடுதலாக எழுதியிருந்தால் பயமே வேண்டாம். 12 வோல்ட், 5 ஆம்பியர் அடாப்டர் போட்டாலும் டிஸ்க் தனக்கு வேண்டியதை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். கொல்வது வோல்டேஜ் கூடுவதும், பிளஸ் மைனஸ் மாறுவதும்தான். அடாப்டர் லேபிளில் ஒரு புள்ளியும் அதைச் சுற்றி அரைவட்டமுமாக ஒரு குட்டிப் படம் இருக்குமே, புள்ளியிலிருந்து போகும் கோடு பிளஸ்ஸில் முடிந்தால் நடுவில் பிளஸ். டிஸ்க் பெட்டியின் பின்னாலும் அதே படம் இருக்கும். இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

பின் பொருந்தியதே என்று கேட்பீர்கள். பொருந்தத்தான் செய்யும். 12 வோல்ட் அடாப்டர்களில் பரவலாக இருப்பது வெளி அளவு 5.5 மில்லிமீட்டர், உள் துளை 2.1. பல லேப்டாப் அடாப்டர்களின் பின்னும் வெளியே அதே 5.5தான், துளை மட்டும் 2.5. பெரிய துளை சின்ன ஊசிமேல் கொஞ்சம் லூசாக உட்காரும், ஆனால் கரண்ட் போகும். சட்டை பட்டன் மாதிரி வைத்திருக்கிறார்கள்: எந்தப் பட்டனும் எந்தக் காஜாவுக்குள்ளும் நுழையும்.

இதெல்லாம் யூ.எஸ்.பி. வயர் ஒன்றிலேயே ஓடும் சின்ன டிஸ்க்குகளுக்கு இல்லை. அவை 5 வோல்ட்டில் ஓடுபவை, தனி அடாப்டர் கிடையாது. அவை கெடும் விதங்கள் வேறு.

உள்ளே என்ன நடந்தது

வழிகளை ஒப்பிட இது கொஞ்சம் புரிய வேண்டும். பொறுமையாகக் கேளுங்கள்.

டிஸ்க்கின் அடிப்பக்கம் இருக்கும் போர்டில், கரண்ட் நுழையும் இடத்துக்குப் பக்கத்திலேயே பொதுவாக இரண்டு கறுப்புச் சில்லுகள் இருக்கும். ஒன்று 5 வோல்ட் பாதைக்கு, மற்றது 12 வோல்ட் பாதைக்கு. டி.வி.எஸ். டயோடு என்பார்கள். (வண்டிக் கம்பெனிக்கும் இதற்கும் எந்தச் சொந்தமும் இல்லை.) சாதாரண நேரத்தில் அது சும்மா இருக்கும். வோல்டேஜ் அளவுக்கு மேல் ஏறினால் விழித்துக்கொண்டு, வருகிற கரண்டைக் கிரவுண்டுக்கே திருப்பிவிடும். 12 வோல்ட்டுக்கான பரவலான ஒரு வகை 13.3 வோல்ட்டைத் தாண்டிய பிறகுதான் விழிக்கும். கண் இமைக்கும் நேரத்தில் வந்துபோகிற துள்ளல்களுக்காக வைத்தது அது. 19.5 வோல்ட் தொடர்ந்து வந்தால் தாங்காது. சூடேறி, உள்ளே உருகி, வெறும் கம்பித் துண்டு போல ஷார்ட் ஆகிவிடும். ஷார்ட் ஆனதும் அடாப்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும். தான் செத்து, பின்னால் இருப்பவர்களைக் காப்பாற்றுகிற காவல்காரன்.

ஆனால் காவல்காரன் எப்போதும் நேரத்துக்கு விழுவான் என்று இல்லை. அவன் தடுமாறுகிற நொடியில் மோட்டாரை ஓட்டும் சிப், முக்கியச் சிப் ஆகியவை அடிபடலாம். அதற்கும் உள்ளே, மூடிய உலோகப் பெட்டிக்குள், டேட்டா பதிந்திருக்கும் வட்டத் தகடுகளைப் படிக்கும் தலைகளோடு சேர்ந்து ஒரு பொடிச் சிப் இருக்கிறது. தலை எடுக்கும் மெல்லிய சிக்னலைப் பெருக்கிக் கொடுப்பது அதன் வேலை. அடி அதுவரை போயிருந்தால் கதை வேறு.

ஆக, காவல்காரன் மட்டும் செத்தானா, போர்டே போயிற்றா, பெட்டிக்குள்ளும் அடியா என்று மூன்று நிலை. மூன்றிலுமே படங்கள் பதிந்த தகடுகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. காந்தப் பதிவை 19 வோல்ட் அழிக்காது. பிறகு மனிதக் கை செய்யும் காரியங்களால்தான் பெரும்பாலும் அது அழிகிறது.

கடைக்குப் போகும் முன் ஒரு கணக்கு

நான் முதல் நாள் ராத்திரி தூங்கவில்லை. மறுநாள் காலையில் உருப்படியாகச் செய்த ஒரே காரியம், ஒரு நோட்டை எடுத்து டிஸ்க்கில் என்னவெல்லாம் இருந்தது, அதில் எது வேறெங்கும் இல்லை என்று எழுதியதுதான். 4 டெராபைட்டும் போச்சு என்று நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது. எழுதிப் பார்த்தால் பாதிக்கு மேல் வேறெங்கோ இருந்தது. கருங்கல் கல்யாணத்தின் மெமரி கார்டுகளை நான் இன்னும் அழிக்கவில்லை. பழைய ஆல்பங்களின் முடிந்த பிரதி வாடிக்கையாளர்களிடம் பென்டிரைவில் இருந்தது. எடிட்டிங்குக்குக் கொடுத்த வீடியோக்கள் எடிட்டரின் கம்ப்யூட்டரில் இருந்தன.

கடைசியில் மிஞ்சியவை இரண்டு. ஒன்று, திங்கள்சந்தையில் எடுத்த ஒரு கல்யாணம். மாப்பிள்ளை துபாய்க்குத் திரும்பிவிட்டார், ஆல்பம் இன்னும் கொடுக்கவில்லை. மற்றொன்று, 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்த பிறகு தூத்தூர், சின்னத்துறைப் பக்கம் போய் நான் எடுத்த படங்கள். அதற்குக் காசு கொடுத்தவர் யாரும் இல்லை. ஆனால் அந்தப் படங்களில் கரையில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்த சிலருடைய வீட்டில், அவை இல்லாமல் வேறு படம் இருக்குமா என்று தெரியாது.

இந்தக் கணக்கை நீங்களும் போடுங்கள். இரண்டாம் பிரதி இல்லாதது எது, அதை மறுபடி உண்டாக்க முடியுமா, முடியாதென்றால் அதற்கு எவ்வளவு கொடுப்பீர்கள்? இந்தப் பதில் கையில் இல்லாமல் சர்வீஸ் கடைக்குப் போனால், கடைக்காரர் சொல்லும் தொகைதான் உங்கள் பதிலாகிவிடும்.

கணக்கு நேர் எதிராகவும் முடியலாம். மார்த்தாண்டத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் என் அத்தான் கொண்டுவந்தது சிசிடிவி கேமரா படங்களைப் பதியும் டி.வி.ஆர். பெட்டியின் டிஸ்க். யாரோ அடாப்டர் மாற்றிக் குத்தியதில் போயிற்று. அதில் இருந்தது கடைசி இருபது நாள் கடை வாசல். நாளைக்கு அதன்மேலேயே வேறு பதிவாகப் போகிறது. 'களவு ஏதும் நடந்துச்சா அத்தான்?' என்று கேட்டேன். 'ஒண்ணும் இல்ல மக்கா' என்றார். அப்படியானால் புது டிஸ்க் வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டேன். இரண்டு நிமிஷ வேலை. களவு நடந்திருந்தால் வேறு பேச்சு. அப்போதும் ஒன்று நினைவிருக்கட்டும்: டி.வி.ஆர். டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் மாட்டினால் 'ஃபார்மேட் செய்யவா' என்று கேட்கும், ஏனென்றால் பல டி.வி.ஆர். பெட்டிகள் பதியும் முறை விண்டோஸுக்குப் புரியாது. டிஸ்க் கெட்டதால் கேட்கிறது என்று எண்ணி 'சரி' அழுத்திவிடாதீர்கள்.

வாரண்டியைப் பற்றி ஒரு வரியில் முடிக்கிறேன். வாரண்டி டிஸ்க்குக்குத்தான், உள்ளே இருப்பதற்கு இல்லை. அதிலும் தப்பான அடாப்டர் போட்டது தெரிந்தால் அந்தப் பேச்சே கிடையாது.

அளந்து பார்ப்பதும் டயோடை எடுப்பதும்

இனி வழிகள். டேட்டா வேண்டும் என்று முடிவு செய்தவர் முதலில் செய்ய வேண்டியது, திரும்பத் திரும்பக் கரண்ட் கொடுத்துப் பார்ப்பதை நிறுத்துவது. நாகர்கோவிலில் நான் போன இரண்டாவது கடைத் தம்பி டிஸ்க்கைக் கையில் வாங்கியதுமே கேட்டது, 'அண்ணே, எத்தன தடவ கரண்ட் குடுத்துப் பாத்திய?' என்றுதான். இரண்டு தடவை என்றேன். 'நல்ல வேளை' என்றார். முதல் கடையில் இதை யாரும் கேட்கவில்லை.

அளந்து பார்ப்பதால் எதுவும் கெடாது, எந்த வழியும் அடைபடாது. இருநூறு முந்நூறு ரூபாய் மல்டிமீட்டர் போதும். டிஸ்க்கைப் பிளாஸ்டிக் பெட்டியிலிருந்து வெளியே எடுங்கள். உள்ளே கம்ப்யூட்டருக்குள் மாட்டுகிற சாதாரண சாட்டா வகை டிஸ்க் ஒன்றும், அதை யூ.எஸ்.பி.யாக மாற்றும் குட்டிப் போர்டு ஒன்றும் இருக்கும். அந்தக் குட்டிப் போர்டை வீசிவிடாதீர்கள், ஏன் என்று பிறகு சொல்கிறேன். டிஸ்க்கின் அகலமான இணைப்பில் 15 பின். டேட்டா இணைப்பின் பக்கமிருந்து எண்ணினால் 7, 8, 9 மூன்றும் 5 வோல்ட். 13, 14, 15 மூன்றும் 12 வோல்ட். 4, 5, 6 கிரவுண்டு. கரண்ட் எதுவும் இல்லாதபோது மீட்டரை ஓம்ஸில் வைத்து, கிரவுண்டுக்கும் 12 வோல்ட் பின்னுக்கும் இடையே அளந்து பாருங்கள். கிட்டத்தட்ட பூஜ்யம் காட்டினால் அந்தப் பாதை ஷார்ட். 5 வோல்ட் பாதையையும் அப்படியே பாருங்கள்.

இரண்டு பாதையுமே ஷார்ட் இல்லை என்றால் டிஸ்க் பிழைத்திருக்க வாய்ப்பு உண்டு, அடி வாங்கியது அந்தக் குட்டிப் போர்டாக இருக்கலாம். டிஸ்க்கை நேராக ஒரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கலாம். இங்கேதான் அந்த 'ஏன்'. டபிள்யூ.டி.யின் மை புக் வகையில் பல மாடல்கள், நீங்கள் பாஸ்வேர்டே போடாவிட்டாலும், எழுதும்போதே டேட்டாவைப் பூட்டித்தான் எழுதும். பூட்டுவதும் திறப்பதும் அந்தக் குட்டிப் போர்டின் சிப். டிஸ்க்கை நேராக மாட்டினால் வெறும் குப்பையாகத்தான் தெரியும், கம்ப்யூட்டர் 'ஃபார்மேட் செய்யவா' என்று கேட்கும். பயந்துவிட வேண்டாம், அழுத்திவிடவும் வேண்டாம். அதே வகைப் போர்டு கிடைத்தால் திறக்க வழி உண்டு.

12 வோல்ட் பாதை மட்டும் ஷார்ட், மற்றதெல்லாம் சரி என்றால் டயோடை எடுத்துவிடுவது நியாயமான அடுத்த படி. மாற்று டயோடு போடாமலேயே டிஸ்க் ஓடும், காவல்காரன் இல்லாத வீடாக. அதனால் அதில் போடும் அடாப்டர் சரியானதுதான் என்று ஒன்றுக்கு இரண்டு முறை பார்த்துவிட வேண்டும். ஓடினால் முதல் வேலை காப்பி எடுப்பது. அந்த டிஸ்க்கை மறுபடி வேலைக்குப் போட நினைக்காதீர்கள்.

நீங்களே எடுப்பதா, கடையில் கொடுப்பதா? கட்டிங் பிளேயரால் கடித்து எடுத்தேன் என்று பெருமை பேசுகிறவர்கள் உண்டு. என் கை கேமராவுக்குப் பழகிய கை, சால்டரிங் அயர்னுக்கு இல்லை. டயோடு உட்கார்ந்திருக்கும் செம்புத் தடம் அதோடு பெயர்ந்து வந்துவிட்டால், நூறு ரூபாய் வேலை போர்டு வேலையாகிவிடும். ஹாட் ஏர் (சூடான காற்று ஊதி ஈயத்தை உருக்கும் கருவி) வைத்திருக்கும் மொபைல் சர்வீஸ் தம்பிகளுக்கு இது ஐந்து நிமிஷம். நாகர்கோவிலில் மட்டுமில்லை, தக்கலையிலும் மார்த்தாண்டத்திலும் போனின் போர்டைப் பிரித்து சிப் மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். போன் போர்டோடு ஒப்பிட்டால் ஹார்ட் டிஸ்க் போர்டு மாட்டு வண்டிச் சக்கரம் மாதிரிப் பெரியது. ஆனால் அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: டயோடை எடு, மறுபடி ஷார்ட் இருக்கிறதா என்று பார், இருந்தால் அங்கேயே நிறுத்து. டயோடு போன பிறகும் ஷார்ட் காட்டினால் பெரும்பாலும் பின்னால் இருக்கும் சிப் செத்திருக்கிறது. அப்போது கரண்ட் கொடுத்துச் 'சும்மா பார்ப்பது' கூடாது.

போர்டு மாற்றுவது

இதில்தான் ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். அவர்களை ஏமாற்றுகிறவர்கள் எல்லோரும் கெட்டவர்களும் இல்லை. இருபது வருடத்துக்கு முந்தைய டிஸ்க்குகளில் அதே மாடல் போர்டு ஒன்றைக் கழற்றி மாட்டினால் பல நேரம் ஓடிவிடும். அந்தக் காலத்தில் தொழில் கற்றவர்கள் இன்றும் அதையே சொல்கிறார்கள்.

இப்போதைய டிஸ்க்குகளில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு உண்டு. தொழிற்சாலையில் அந்தத் தலைகளையும் அந்தத் தகடுகளையும் சோதித்து, எந்தத் தலைக்கு எவ்வளவு திருத்தம் என்று எழுதிவைக்கிறார்கள். அதில் ஒரு பகுதி போர்டில் உள்ள எட்டுக் கால் சிப் ஒன்றில் இருக்கும், ரோம் சிப் என்பார்கள். சில மாடல்களில் முக்கியச் சிப்புக்குள்ளேயே இருக்கும். வேறு டிஸ்க்கின் போர்டை அப்படியே மாட்டுவது, ஒருத்தர் மூக்குக்கண்ணாடியை இன்னொருத்தருக்குப் போட்டுவிட்டு ஊசியில் நூல் கோர்க்கச் சொல்வது போல. சரியான முறை, போர்டில் அச்சிட்ட எண் ஒத்துப்போகிற இன்னொரு போர்டை வாங்கி, பழைய போர்டின் எட்டுக் கால் சிப்பைப் பெயர்த்து அதில் வைப்பது.

மூன்றாவதாக வந்தவர் மார்த்தாண்டத்தில் வீடியோ எடுக்கும் நண்பர். இந்த வழியில் அவர் போன விதம் எனக்கு இன்றும் வயிற்றைக் கலக்குகிறது. ஒரு கடையில் கொடுத்தார். பெயர் வேண்டாம். அவர்கள் வேறு போர்டை மாட்டிப் பார்த்தார்கள், தலை தட்டியது. இன்னொரு போர்டு மாட்டினார்கள், அதுவும் தட்டியது. 'உள்ளே போச்சு' என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். அவர் சென்னையில் ஒரு லேபுக்கு எடுத்துப் போனபோது அங்கே கேட்ட முதல் கேள்வி, இந்த டிஸ்க்கோடு பிறந்த போர்டு எங்கே என்று. அது கடைக் குப்பையோடு போய்விட்டிருந்தது. அதில்லாமல் செய்ய வழி இல்லாமலில்லை, ஆனால் வேலையும் தொகையும் வேறு என்றார்கள். அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. டிஸ்க் அலமாரியில் இருக்கிறது.

ஆகவே போர்டு மாற்றுவதைப் பற்றி என் தீர்ப்பு: சிப்பை மாற்றி வைக்கத் தெரிந்தவர் செய்தால் நல்ல வழி. தெரியாதவர் செய்தால் எல்லா வழிகளிலும் மோசமானது. தெரிந்தவரா என்று கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: 'ரோம் சிப்பை என்ன பண்ணுவீங்க?' முழிப்பவரிடமிருந்து டிஸ்க்கை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். எது நடந்தாலும் பழைய போர்டைக் கையில் திரும்ப வாங்குங்கள், செத்த போர்டானாலும்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு உபரித் தகவல். குளச்சல், முட்டம் பக்கம் இருக்கும் டிஸ்க்குகளில் போர்டைக் கழற்றிப் பார்த்தால், பெட்டிக்குள் தொடர்பு கொடுக்கும் சின்னச் சின்னத் தடங்கள் உப்புக் காற்றில் கறுத்துப்போய் இருக்கும். பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். அடாப்டரைக் குறை சொல்லிக்கொண்டிருந்த ஒரு டிஸ்க்கில் இந்தக் கறுப்பும் பங்காளியாக இருந்ததை அந்தத் தம்பியே காட்டினார்.

லேபுக்கு அனுப்புவது

மூடிய பெட்டியைத் திறக்க வேண்டும் என்றால் அது கிளீன் ரூம் உள்ள இடத்தில் மட்டும்தான். ஓடும்போது தலைக்கும் தகட்டுக்கும் இடையே இருப்பது சில நானோமீட்டர். மனித முடியின் தடிப்பு பல்லாயிரம் நானோமீட்டர். நம் கண்ணுக்குத் தெரியாத தூசியும் அங்கே பாறாங்கல். கிளாஸ் 100 என்று சொல்லும் அறையில் ஒரு கன அடிக் காற்றில் அரை மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள தூசி நூறுக்கு மேல் இருக்கக் கூடாது. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் ஊரில் கதவைச் சாத்திவிட்டுத் திறந்தேன் என்பதெல்லாம் கதைக்கு ஆகாது. ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்தால் சரியாகும் என்பதும் அப்படித்தான். வெளியே எடுத்ததும் நம் ஊர் ஈரத்தில் உள்ளே வேர்த்துவிடும்.

தலையோடு இருக்கும் பொடிச் சிப் எரிந்திருந்தால், அதே வகை டிஸ்க் ஒன்றை வாங்கி, அதன் தலைத்தொகுதியைக் கழற்றி இதில் வைப்பார்கள். இரண்டு டிஸ்க்கின் விலையும் கைத்திறனும் சேர்ந்த வேலை, அதனால்தான் ஐந்து இலக்கத்தில் சொல்கிறார்கள். நிறைய டெராபைட் கொண்ட சில டிஸ்க்குகளுக்குள் காற்றுக்குப் பதில் ஹீலியம் இருக்கும். அவற்றுக்கு இன்னும் கூடும்.

லேபின் நல்ல குணம் ஒன்று: முதலிலேயே அங்கே போனால் எந்த வழியும் அடைபடாது. டயோடு மட்டும் போயிருந்தாலும் அவர்களே எடுத்துவிடுவார்கள், ஆனால் வாங்கும் தொகை மொபைல் கடைத் தொகையாக இருக்காது. ஆகவே விலை மதிக்க முடியாத ஒன்று டிஸ்க்கில் இருக்கிறது, அளக்கவும் தெரியாது, தெரிந்த ஆளும் இல்லை என்றால் நேராக லேபுக்கே போய்விடுங்கள். மற்ற எல்லோருக்கும் அது இரண்டாவது படி.

கொடுக்கும் முன் சில விஷயங்களை எழுதி வாங்க வேண்டும். சோதிப்பதற்குத் தனிக் கட்டணமா, டேட்டா கிடைக்காவிட்டால் எவ்வளவு, திறக்கும் முன் என்னைக் கேட்பீர்களா, எல்லாப் பாகங்களும் திரும்ப வருமா? கல்யாண வீடியோ என்றால் இன்னொன்றும்: பிரதியை எத்தனை நாளில் அழிப்பீர்கள்? பிறர் வீட்டுப் பெண்களின் படங்கள் நம்மை நம்பிக் கொடுத்தவை.

எந்த ஊர் லேப் என்பதில் நம் மாவட்டத்துக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. எல்லோரும் சென்னை என்றே யோசிக்கிறோம், ராத்திரி ரயிலில் முழு இரவு. திருவனந்தபுரம் நாகர்கோவிலிலிருந்து எழுபது கிலோமீட்டருக்குள். களியக்காவிளையைத் தாண்டினால் பாதி வழி வந்த மாதிரி. மார்த்தாண்டத்துக்காரருக்கு நாகர்கோவிலும் திருவனந்தபுரமும் ஏறக்குறைய ஒரே தூரம். கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்து, நாலு கேள்வி கேட்டு, மனசுக்குப் பிடிக்காவிட்டால் மாலைக்குள் திருப்பி எடுத்துவரலாம். கூரியரில்தான் அனுப்ப வேண்டுமென்றால் வெறும் கவரில் போடாதீர்கள். ஸ்டாட்டிக் தடுக்கும் உறை, சுற்றிலும் இரண்டு விரல் கனத்துக்கு ஸ்பாஞ்சு, பழைய போர்டும் குட்டிப் போர்டும் கூடவே.

என் டிஸ்க்

முதல் கடையில் 'போர்டு மாத்திரலாம் சார், மூவாயிரத்தி ஐந்நூறு' என்றார்கள். அளந்துகூடப் பார்க்கவில்லை. ரோம் சிப் கேள்வி அப்போது எனக்கே தெரியாது. ஏதோ உறுத்தியது, யோசித்துச் சொல்கிறேன் என்று வாங்கிவந்துவிட்டேன். வடசேரி பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஒரு எடிட்டர் நண்பருக்குப் போன் போட்டதில்தான் அந்த இரண்டாவது கடை தெரிந்தது. தம்பி என் கண்முன்னாலேயே மீட்டரை வைத்தார். 12 வோல்ட் பாதை ஷார்ட், 5 வோல்ட் சரி. டயோடை எடுத்தார். மறுபடி மீட்டர். ஷார்ட் போய்விட்டிருந்தது.

அங்கேயே மாட்டிப் பார்க்கலாம் என்று அவருக்கு ஆசை. எனக்கும்தான். ஆனால் நோட்டில் எழுதிவைத்த இரண்டு வரி நினைவுக்கு வந்தது. காப்பி எடுக்க இடம் தயாராக இல்லாமல் அதை எழுப்புவதில்லை என்று சொல்லி, போகிற வழியில் இன்னொரு 4 டெராபைட் டிஸ்க் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். யு.பி.எஸ். உள்ள கம்ப்யூட்டரில் இரண்டையும் நேராக மாட்டி, கதவைச் சாத்தி, ஸ்விட்சைப் போட்டேன். சுற்றியது. என் டிஸ்க் பூட்டி எழுதும் வகையில்லை, ஃபோல்டர்கள் அப்படியே தெரிந்தன.

ஒக்கி ஃபோல்டரை முதலில் இழுத்தேன், கல்யாணம் இரண்டாவது. அந்த இரண்டும் முடிந்த பிறகுதான் டீ குடித்தேன். அப்புறம் டிடிரெஸ்க்யூ என்ற இலவச மென்பொருளால் முழு டிஸ்க்கையும் அப்படியே பிரதி எடுக்க விட்டேன். படிக்க முடியாத இடம் வந்தால் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்காமல், தாண்டிப்போய்விட்டுப் பிறகு திரும்பிவரும் அது. நொடிக்கு நூறு மெகாபைட் வீதம் என்றால் 4 டெராபைட்டுக்குப் பதினோரு மணி நேரம். ராத்திரி கரண்ட் இரண்டு தடவை போயிற்று, யு.பி.எஸ். தாங்கியது. காலை ஆறரைக்கு முடிந்திருந்தது, ஒரு செக்டர் குறைவில்லை.

டயோடு எடுத்த கூலி இருநூறு ரூபாய். புது டிஸ்க்கின் விலையைச் சொல்ல மனைவி விடமாட்டாள். பழைய டிஸ்க் போர்டோடும் குட்டிப் போர்டோடும் பீரோவில் இருக்கிறது. 12 வோல்ட் அடாப்டர்கள் எல்லாவற்றின் தலையிலும் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றியிருக்கிறேன். லேப்டாப் அடாப்டர் இப்போது வேறு மேசையில்.